பென்சன் காசும் பிஸ்கால் கடுதாசியும்: கடன் துரத்தும்போது கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

“கணக்கில கிடக்கிற முழுக்காசையும் எடுத்து மனுசியின்ர பேரில போட்டுவிட்டா காணும்தானே, பிள்ளை?”

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் நாலு வீடு தள்ளி இருக்கிற மாஸ்ரர், என் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டார். கையில் ஒரு நிதிக் கம்பனியின் கோரிக்கைக் கடிதம். பெறாமகன் லீசிங்கில் ஓட்டோ எடுத்தபோது பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் இவர். பெறாமகன் இப்போது பிரான்சில். கம்பனி ஓட்டோவை இழுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டது. விற்றும் மிச்சம் 680,000 ரூபா, அதற்கு மேல் வட்டி. 14 நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்காம்.

நான் சட்டத்தரணி இல்லை. கூட்டுறவுக் கிராமிய வங்கி ஒன்றில் 27 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள். பிணை நின்று அகப்பட்ட ஆட்களையும், கணக்கு முடங்கிப்போய் மருந்துக்குக் காசில்லாமல் நின்ற ஆட்களையும் நிறையக் கண்டிருக்கிறேன். அதனால் ஊருக்குள் யாருக்கு இப்படிக் கடிதம் வந்தாலும் என் வீட்டுக்கு வருவார்கள். மாஸ்ரர் கேட்ட கேள்வி எல்லோரும் கேட்கிறதுதான். அதற்குப் பதில் ஒரு சொல்லில் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வங்கிப் புத்தகத்தை விரித்தோம். மாதம் 52,000 ரூபா பென்சன். கனடாவில் இருக்கும் மகள் இரண்டு மாதத்துக்கு ஒருக்கா அனுப்பும் காசு. முன்னறையில் வாடகைக்கு இருக்கும் கம்பஸ் பெடியன் மாதாமாதம் போடும் 15,000. எல்லாம் ஒரே கணக்கு. எடுத்ததும் போட்டதுமாக நாலு பக்கம். மிச்சம் 310,000 சொச்சம். “இதில எவ்வளவு பென்சன் காசு மாஸ்ரர்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவருக்கே சொல்ல முடியவில்லை.

சட்டம் எதைத் தொடாதே என்கிறது

இலங்கையில் கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், நீதிமன்றத் தீர்ப்பு எடுத்தபின் எதைக் கைப்பற்றலாம் என்பது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவில் இருக்கிறது. கைப்பற்றக் கூடாதவற்றுக்கும் அங்கே ஒரு பட்டியல் உண்டு. உடுபுடவை, படுக்கை, தொழில் ஆயுதங்கள், கமக்காரன் என்றால் அவனுடைய கமத் தளபாடம், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல். வாசிக்கும்போதே கிடுகு வேலியும் துலாக்கிணறும் கண்ணுக்கு முன்னால் வரும். அதே பட்டியலில்தான் அரச ஓய்வூதியமும், கூலியாட்கள், வீட்டு வேலையாட்களின் கூலியும், இனிமேல் கிடைக்கவேண்டிய தாபரிப்பு (ஜீவனாம்ச) உரிமையும் நிற்கின்றன.

தனியார் துறையில் வேலை செய்தவர்களின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு இருக்கிறது. நிதிக்குள் உங்கள் பேரில் கிடக்கும் தொகையைக் கடனுக்காகக் கைப்பற்ற முடியாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 ஆனதும் எடுத்து நிலையான வைப்பில் போடுகிறோம். தலைக்கு மேல் வழக்கு நிற்கிற ஒருவர் அதற்கு முன்னால் ஒருதரம் யோசிக்கவேணும். உள்ளே கிடக்கும்வரை அதற்கு வேலி இருக்கிறது. வெளியே வந்தபிறகு வேலியை நீங்கள்தான் கட்டவேணும்.

பட்டியலில் இல்லாததையும் சொல்லவேணும். கனடாக் காசுக்குப் பாதுகாப்பு இல்லை. பிள்ளை அம்மா அப்பாவின் சாப்பாட்டுக்கு அனுப்பியதாக இருக்கலாம். கணக்குக்குள் விழுந்ததும் அது மாஸ்ரரின் காசு, அவ்வளவுதான். வாடகையும் அப்படியே. வெங்காயம், புகையிலை விற்ற காசு, கடை வருமானம், வைப்பு வட்டி எல்லாமே அப்படித்தான். எங்கள் ஊரில் பாதி வீடு வெளிநாட்டுக் காசில் ஓடுகிறது. அந்தக் காசைப் பற்றி ஆட்களுக்கு இருக்கும் தைரியத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். பட்டியல் ஓய்வூதியம் என்கிறது, ‘ஓய்வூதியம் விழுந்த வங்கிக் கணக்கு’ என்று சொல்லவில்லை. பென்சன் உங்கள் கணக்கில் விழுந்த நிமிஷம், சட்டத்தின் கண்ணில் அது வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன். ஒருவருக்கு வரவேண்டிய கடனைப் பிடிக்க 229ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பிஸ்கால், அதாவது நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுகிற அதிகாரி, கையெழுத்திட்ட அறிவித்தல் வங்கிக்குப் போகும்: இந்த ஆளுக்குக் காசு கொடுக்காதே என்று. பிறகு 230ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வங்கியைக் கூப்பிட்டு, இருக்கிறதைத் தீர்ப்பு எடுத்தவருக்குக் கட்டச் சொல்லலாம். அறிவித்தலை வாங்கிய வங்கி முகாமையாளர் உங்கள் புத்தகத்தை விரித்து எது பென்சன், எது வாடகை என்று பிரித்துக்கொண்டிருக்க மாட்டார். கணக்கை மறிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நீதிமன்றக் கட்டளையை மீறிக் கொடுத்தால் வங்கிதான் பதில் சொல்லவேணும்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். 2011இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, பறிமுதல் கட்டளை வந்ததும் வங்கியே கணக்கைப் பின்னோக்கிப் பார்க்கவேணும். கடைசி இரண்டு மாதத்துக்குள் நேரடியாக வரவான சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவு எவ்வளவோ, அவ்வளவையும் கணக்குக்காரர் கேட்காமலே தொடாமல் விடவேணும். இங்கே வங்கி தானாகப் பார்க்கிற அந்த ஏற்பாடு இல்லை. ‘இது பென்சன் காசு’ என்று சொல்லவேண்டியதும் காட்டவேண்டியதும் நாங்கள்தான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் ராதே ஷியாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கைக்கு வந்தபிறகும், நிலையான வைப்பாக மாறின பிறகும்கூட, அவற்றின் தன்மை மாறாது, பாதுகாப்பு தொடரும் என்றது. இந்தியத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் சட்டக்கோவையும் அவர்களுடையதும் ஒரே பரம்பரை என்பதால் உங்கள் சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கவேண்டுமென்றாலும், எந்தக் காசு ஓய்வூதியக் காசு என்று காட்டக்கூடியதாக இருக்கவேணும். மாஸ்ரரின் நாலு பக்கப் புத்தகத்தை வைத்து அதைக் காட்டுகிறது எப்படி?

மனுசியின் பேரில் போட்டால்?

மாஸ்ரருக்குப் பிடித்த வழி இது என்பதால் இதிலேயே கனநேரம் நின்றோம்.

பார்வைக்குச் சுகமான வழி. கடன் அவருடையது, கணக்கு மனுசியுடையது, பிஸ்கால் வந்தால் வெறுங்கையோடு போவார். மூன்று இடத்தில் இடறும்.

ஒன்று, நேரம். கோரிக்கைக் கடிதம் வந்த பிறகு கணக்கைத் துடைத்து மனுசிக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள். கடன்காரரை ஏய்க்கச் செய்த கைமாற்றங்களை நீதிமன்றம் தள்ளிவிடலாம். எங்கள் நாட்டில் நடக்கிற உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கென்றே பழைய வழக்குமுறை இருக்கிறது. விலை கொடுத்து வாங்கினவருக்காவது ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒரு இடம் உண்டு. இனாமாக வாங்கினவருக்கு அதுவும் இல்லை. மாஸ்ரருக்குக் கடிதத்தில் திகதியைக் காட்டினேன். வங்கிப் புத்தகத்திலும் ஒரு திகதி விழும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதை தானாகத் தெரியும்.

இரண்டு, தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்தது. இன்று எங்கள் கலியாணச் சொத்து விஷயங்கள் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் 1947இல் வந்த அதன் திருத்தத்திலும் நிற்கின்றன. சீதனம் பெண்ணுடையது, முதுசம் (பரம்பரைச் சொத்து) வந்த வழியோடு. மணவாழ்வில் தேடினது தேடியதேட்டம். அது யார் பேரில் கிடக்கிறது என்பதோடு கதை முடியாது; மற்றவருக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி வரும். கொழும்பில் ஒருவர் ‘அது என் மனைவியின் காசு’ என்று சொல்கிறதும் கொக்குவிலில் ஒருவர் சொல்கிறதும் ஒன்றல்ல. மனுசி வேலை செய்து சம்பாதித்தது, மனுசியின் சீதனக் காணியால் வந்தது என்று காட்ட ஏதும் இல்லாவிட்டால், மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி தேடியதேட்டம் என்ற ஒரு சொல்லோடு எழும்புவார்.

மூன்றாவது சட்டத்தில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. பென்சன் ஓய்வூதியரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். மனுசியின் பேருக்கு ஒவ்வொரு மாதமும் இவரே எடுத்துப் போடவேணும். பட்டியல் காப்பாற்றிய காசை, காப்பில்லாத காசாக மாற்றிவிடுகிறார். பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குத்தானே. மனுசிக்குக் கொடுத்த அன்பளிப்புக்கு இல்லையே. மாஸ்ரர் இதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகளின் பேர், கூட்டுக் கணக்கு எல்லாம் இதன் தம்பி தங்கைகள். கூட்டுக் கணக்கில் இன்னுமொரு தொல்லை: அறிவித்தல் வந்தால் கடனே இல்லாத மற்றவரின் காசும் சேர்ந்து முடங்கும். ‘இதில் பாதி என்னுடையது’ என்று அவர் 241ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரி நீதிமன்றம் ஏறவேணும். கடனில்லாத ஆளையும் வழக்காளியாக்குகிற வேலை.

கையில் வைத்துக்கொண்டால்?

95இல் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட தலைமுறை நாங்கள். வங்கியில் கிடக்கிறதைவிட இடுப்பில் கட்டின சீலைத் தலைப்பில் கிடக்கிறதுதான் காசு என்ற எண்ணம் எங்களுக்குள் இறங்கிப்போயிருக்கிறது. பென்சன் நாளன்றே முழுவதையும் வழித்தெடுத்துக்கொண்டு போகிற ஆட்களைக் கவுண்டரில் இருந்து எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!

இந்த வழியில் பாதி சரி. பென்சனில் மாதச் செலவுக்கு வேண்டியதை எடுத்துச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் செலவழிக்கிறது மனிதரின் பாடு. அதை ஏய்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கில் மிச்சம் குறைவாகக் கிடந்தால் முடங்குகிறதும் குறைவு.

மற்றப் பாதி பிழை. சேமிப்பை முழுக்க வீட்டுக்குள் வைத்தால் கள்ளனுக்குப் பயப்படவேணும். காசும் தானாகக் கரையும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருஷம் அலுமாரிக்குள் கிடந்த நோட்டு என்ன ஆனது என்று அலுமாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அதைவிட, எடுத்த காசுக்கு முகம் இல்லை. பிறகு அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டால் ‘காசு வைப்பு’ என்றுதான் பதிவு விழும். பென்சன் என்று விழாது.

அப்படியே விட்டுவிட்டு, வந்தபிறகு நீதிமன்றத்தில் பார்த்தால்?

இதுவும் ஒரு வழிதான். சோம்பல் வழி என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு வேறு வழி இருக்காது, ஏனென்றால் அறிவித்தல் வந்த பிறகுதான் அவர்களுக்கே விஷயம் தெரியும்.

கணக்கு முடங்கினால் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போகவேணும். கணக்குக் கூற்று, ஓய்வூதிய வழங்கல் கடிதம், ஓய்வூதியர் அடையாள அட்டை, சத்தியக் கடதாசி. இவற்றோடு 218ஐக் காட்டி, இன்ன தொகை கைப்பற்றக் கூடாத காசு, விடுவியுங்கள் என்று கேட்கவேணும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு நிலையம் உண்டு.

வெல்லலாம். ஆனால் தவணைக்குத் தவணை போகவேணும். மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் மாவட்ட நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு ‘அடுத்த தவணை’ என்ற சொல்லின் நீளம் தெரியும். அதுவரை இன்சுலின் எதில் வாங்குகிறது? கலந்த கணக்காக இருந்தால் எது எது என்று பிரிக்கிறதற்கே பாதித் தவணை போய்விடும்.

வழக்குக்கு முன்னாலும் ஒரு பொறி இருக்கிறது. வங்கிகளும் பதிவு செய்த நிதிக் கம்பனிகளும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் சுருக்கு வழியில் போகலாம். சாதாரண வழக்கில்போல மறுமொழி எழுதிக் கொடுத்துவிட்டு இருக்க முடியாது. முதலில் நீதிமன்றத்திடம் தோன்றி வாதாட அனுமதி எடுக்கவேணும். அதற்குக் காசு கட்டச் சொல்லலாம், ஈடு கேட்கலாம், விசாரிக்கத்தக்க விஷயம் இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம். கட்டளைக் கடுதாசி வந்த அன்று ‘பிறகு பார்ப்பம்’ என்று சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினவர்கள் தோற்றது அந்த அன்றைக்குத்தான். தீர்ப்பு ஒருதரம் விழுந்தால் 10 வருஷம் வரை நிறைவேற்றக் கேட்கலாம்.

பிணை நின்றவர்கள் வழமையாக ஒன்று சொல்வார்கள்: ‘முதல் அவனைப் பிடியுங்கோ, பிறகு என்னட்ட வாங்கோ.’ பழைய சட்டத்தில் பிணையாளிக்கு அந்த உரிமை உண்மையாகவே உண்டு. ஆனால் வங்கிகளும் கம்பனிகளும் நீட்டும் பிணைப் பத்திரத்தில், அந்த உரிமையைக் கைவிடுகிறேன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மாஸ்ரரின் பத்திரத்திலும் இருந்தது. அவர் எட்டாம் வகுப்புக்கு ‘கையெழுத்து வைக்க முதல் வாசி’ என்று படிப்பித்தவர்.

பென்சனுக்கு மட்டும் ஒரு கணக்கு

நான் யாருக்கும் முதலில் சொல்வது இந்த வழி. புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கு. சொந்தப் பேரில், தனியாக. அதற்குள் பென்சனைத் தவிர ஒரு சதமும் விழக்கூடாது. மகளின் காசு, வாடகை, சீட்டுக் காசு, யாராவது திருப்பித் தந்த கைமாத்து, கொண்டாட்டத்துக்கு மருமகன் போட்ட ஐயாயிரம், எதுவும்.

அதில் ஒளிப்பு ஒன்றும் இல்லை. கணக்கு அவருடைய பேரில்தான் இருக்கிறது. கேட்டால் காட்டலாம், காட்டத்தான் கணக்கே திறக்கிறோம். காப்பில்லாத காசை வேறொருவர் பேருக்குத் தள்ளினால் ஏய்ப்பு என்று பெயர் வரும். காப்புள்ள வருமானத்தைத் தன் பேரிலேயே தனியாக வாங்கினால் அந்தப் பெயர் வைக்க இடமில்லை. பிஸ்கால் அறிவித்தல் அந்தக் கணக்குக்கும் வரலாம். வந்தால் சட்டத்தரணி ஒரு பக்கக் கணக்குக் கூற்றை நீட்டினால் போதும்: மாதத்துக்கு ஒரு வரவு, எல்லாம் ஓய்வூதியத் திணைக்களத்தின் பேரில்.

எந்த வங்கியில் திறக்கிறது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அதுதான் பெரிய விஷயம். நீங்கள் கடன் எடுத்த வங்கியிலோ, கடனட்டை வைத்திருக்கிற வங்கியிலோ, பிணை நின்ற வங்கியிலோ திறக்காதீர்கள். இதுவரை சொன்னதெல்லாம் வெளிக் கடன்காரர் நீதிமன்றம் வழியாக வரும் கதை. கடன்காரர் உங்கள் வங்கியேதான் என்றால் பிஸ்காலும் தேவையில்லை, தவணையும் தேவையில்லை. உங்களுக்குத் தரவேண்டியதையும் உங்களிடம் வரவேண்டியதையும் ஒன்றோடொன்று ஈடுகட்டிக் கழிக்கிற உரிமை வங்கிக்கு இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் அதற்குச் சம்மதமும் வாங்கி வைத்திருப்பார்கள். என்னோடு வேலை செய்த அக்கா ஒருவருக்குச் சம்பளம் வந்த வங்கியிலேயே கடனட்டையும் இருந்தது. மூன்று மாதம் கட்டவில்லை. ஒரு சம்பள நாள் காலை அட்டையைச் செருகினால் மிச்சம் 412 ரூபா. போய்க் கேட்டால், கையெழுத்து வைத்த படிவத்தை எடுத்துக் காட்டினார்களாம்.

பென்சனுக்கு வங்கி மாற்றுகிற வேலை உங்கள் பிரதேச செயலகத்தில் நடக்கும். ஏற்கெனவே பென்சனை வைத்து அந்த வங்கியில் கடன் எடுத்திருந்தால், அதை முடித்துக் கடிதம் வாங்காமல் விடமாட்டார்கள். அந்தக் கடனுக்கு நீங்களே சம்மதித்துக் கழிக்க விட்டிருக்கிறீர்கள். அங்கே 218ஐக் காட்டிப் பயனில்லை.

ஏ.ரி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் ஈடாகக் கொடுக்கிற பழக்கமும் இருக்கிறதே, அதற்கும் இதே பதில்தான். சட்டம் பிஸ்காலைத் தடுக்கும். நீங்களே திறப்பைக் கொடுத்துவிட்ட ஆளைத் தடுக்காது. கிழமைக் கடன் எடுத்த பெண்களுக்கும் ஒன்று சொல்லவேணும். வசூலுக்கு வருகிற பெடியன் படலையில் நின்று என்ன சத்தம் போட்டாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் கணக்கில் அவன் கை வைக்க முடியாது. ‘பொலிசைக் கூட்டி வாறன்’ என்பதும் வெறும் வெருட்டு. கடன் கட்டாதது பொலிஸ் விஷயம் இல்லை.

இந்தத் தனிக் கணக்கும் நிற்காத இடங்கள் உண்டு. பிள்ளைக்கும் மனைவிக்கும் கட்டவேண்டிய தாபரிப்புக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அங்கே நீங்கள் சாதாரணக் கடனாளி இல்லை. இறைவரித் திணைக்களமும் நிலுவை வரிக்கு வங்கிக்கே நேராக அறிவித்தல் அனுப்பலாம்.

பேசித் தீர்க்கிறது

தனிக் கணக்குத் திறந்தால் கடன் தீர்ந்துவிடாது என்று மாஸ்ரருக்குச் சொன்னபோது அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. வைத்த கையெழுத்து வைத்ததுதான். ஆனால் பென்சனைத் தனியாக எடுத்து வைத்ததும் பேசுகிற மேசையில் அவருடைய இருப்பு மாறிவிடுகிறது. கம்பனிக்காரனுக்கும் 218 தெரியும். வழக்குப் போட்டு, தீர்ப்பு எடுத்து, பிஸ்காலை அனுப்பி, கடைசியில் பிடிக்க முடியாத பென்சனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதைவிட, மாதம் ஒரு தொகை ஒழுங்காக வந்தால் அவனுக்கும் லாபம்தான்.

எந்தக் காசில் கட்டுகிறது? பழைய கணக்கில் விழும் காப்பில்லாத காசில். வாடகை 15,000 அப்படியே கம்பனிக்குப் போகட்டும் என்று கணக்குப் போட்டோம். எப்படியும் முதலில் பிடிபடப்போகிற காசு அதுதான். அதையே நாங்களாக முந்திக் கொடுத்தால், அதற்குப் பதிலாக வட்டியைக் குறை, தண்டப் பணத்தை வெட்டு என்று கேட்கலாம். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கவேணும். வாயால் சொன்ன முகாமையாளர் அடுத்த மாதம் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மாஸ்ரரிடம் சத்தியம் வாங்காத குறை. கம்பனி 24 மாதத்துக்குப் பின்திகதியிட்ட காசோலைகளைக் கேட்கும், கொடுக்கவேண்டாம் என்றேன். கட்டாத தவணை குடியியல் கடன். திரும்பி வந்த காசோலை அப்படியில்லை. மேலே சொன்ன அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. 680,000 ரூபாக் கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சாதாரணமாக யாரும் மறியலுக்குப் போவதில்லை. 15,000 ரூபாக் காசோலைக்குப் போகிற நிலை வரலாம். மாதாமாதம் வங்கி தானாக அனுப்புகிற நிலையான கட்டளை போட்டால் காணும்.

கம்பனியில் இரண்டுதரம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை மாஸ்ரர் புதுக் கணக்கின் புத்தகத்தையும் 218ஆம் பிரிவின் பிரதியையும் ஒரே பிளாஸ்ரிக் கோவைக்குள் போட்டுக்கொண்டு போனார். தண்டப் பணத்தை விட்டார்கள். வட்டியில் கொஞ்சம் இறங்கினார்கள். மாதம் 15,000க்குச் சம்மதம். காசோலை கேட்டார்களாம், காசோலை எழுத வேண்டிய நடைமுறைக் கணக்கே தன்னிடம் இல்லை என்றாராம்.

போன கிழமை படலையடியில் கண்டேன். கையில் புதுப் புத்தகம். விரித்துக் காட்டினார். ஏழு மாதம், ஏழு வரவு, எல்லாம் பென்சன். மகள் பொங்கலுக்குக் காசு அனுப்ப எந்தக் கணக்கு இலக்கம் என்று கேட்டாவாம்.

“பழசுக்கே போடச் சொல்லிப்போட்டன் பிள்ளை. இதுக்குள்ள அவளின்ர காசும் வரக்கூடாது.”